வருத்தம் தெரிவிக்கும் மேசை

'சாரி சார்' என்பது அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஊரார் திட்டுக்கெல்லாம் கம்பெனியின் சார்பில் வருத்தப்பட்டு வருத்தப்பட்டுச் சம்பாதித்த பெயர். லிஃப்ட் பொருத்திக் கொடுத்துப் பராமரிக்கும் கம்பெனி அது. இரண்டாம் மாடியில் கடிதப் பிரிவு, மூன்றே மேசை. நன்றி சொல்லி வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர் சந்தோஷ மேடம். எப்போது வருவீர்கள், எப்போது சரியாகும் என்று கேட்பவர்களுக்கு உறுதி சொல்லி எழுதுபவர் நிச்சயம் சார். திட்டி வருவதெல்லாம் சாரி சாருக்கு. சந்தோஷ மேடத்துக்கு மாதத்தில் நாலு கடிதம் வந்தாலே அதிகம். மீதி நேரத்தில் மற்ற இருவருக்கும் உறை ஒட்டிக் கொடுப்பார், பாவம்.

கடிதம் எந்த மொழியில் வந்தாலும் பதில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அதற்கென்று சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பட்டியல் மாட்டியிருந்தார்கள். சாரி, கிளாட், ஷ்யூர், அவேர், ஹோப்ஃபுல் என்று மொத்தம் பதினாலு மனநிலைகள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'தட்'. வீ ஆர் சாரி தட், வீ ஆர் கிளாட் தட் என்று இந்தப் பதினாலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எந்தக் கடிதமும் ஆரம்பிக்கலாம். பதினைந்தாவதாக ஒரு மனநிலை மனிதனுக்கு வருவதைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சில் அந்தத் 'தட்'டை முழுங்கிவிடலாம், உலகமே ஐ ஆம் ஷ்யூர் யூ வில் லைக் இட் என்றுதான் பேசுகிறது. காகிதத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்பது பிரிவின் தலைவி பெரிய மேடம் போட்ட கட்டளை. "தட் இல்லாத லெட்டரும் பட்டன் இல்லாத சட்டையும் ஒண்ணு சார்" என்பார்.

சாரி சாருக்கு அந்தத் 'தட்'டின் மேல் ஒரு மரியாதையே உண்டு. தமிழில் வருத்தப்படுவது லேசான காரியமா? நாங்க இதைச் செஞ்சோம், அதுக்கு வருத்தப்படுறோம் என்று, செய்ததை முதலில் கக்கிவிட்டுத்தான் வருத்தத்துக்கே வந்து சேர முடியும். ஆங்கிலத்தில் எடுத்த எடுப்பில் வருத்தப்பட்டுவிடலாம். எதற்கு என்பதை 'தட்' போட்டுவிட்டுச் சாவகாசமாக யோசித்துக்கொள்ளலாம். ரயில் பெட்டிக் கொக்கி மாதிரி எந்தப் பெட்டியையும் அதில் மாட்டலாம்.

மாட்டக்கூடாத பெட்டி ஒன்று உண்டு. சாரிக்குப் பிறகு நீங்கள் காத்திருக்க நேர்ந்தது என்று எழுதலாம், உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டது என்று எழுதலாம், மழை பெய்தது என்றுகூட எழுதலாம். 'நாங்கள்' மட்டும் வரக்கூடாது. நாங்கள் வரவில்லை, நாங்கள் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டால் அது நாளைக்கே கோர்ட்டில் ஒப்புதல் வாக்குமூலமாகப் போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு சாரிக் கடிதமும் மூன்றாம் மாடி வக்கீல் அறைக்குப் போய்ப் பென்சில் டிக் வாங்கிக்கொண்டுதான் தபாலுக்கு இறங்கும். இருபத்திரண்டு வருடத்தில் சாரி சாரின் கடிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் அந்த உறை வந்தது. பிரிப்பதற்கு முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அவர் கையைப் பிடித்து எழுத வைத்த கையெழுத்து. அவருடைய அக்கா எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா வீட்டில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்று அவள் மூச்சு விடவில்லை.

"ஐயா, மாலை நாலு பத்துக்கு உங்களுக்குப் போன் செய்தோம். ஐந்து இருபத்தைந்துக்கு ஆள் வந்தார். என் கணவர் எழுபத்தைந்து நிமிடம் லிஃப்டுக்குள் இருந்தார். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பேச்சு போயிருக்காது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு நஷ்டஈடு எதுவும் வேண்டாம். நாங்கள் நேரத்துக்கு வரவில்லை, அது எங்கள் தவறு, வருந்துகிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். காது அவருக்கு நன்றாகக் கேட்கிறது."

இவ்வளவுதான் கடிதம். ஒன்றை மட்டும் அக்கா எழுதாமல் விட்டிருந்தாள். சாரி சார் தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். அது இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. அத்தானுக்கு வலது கை மரத்துப் போய், டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். நாலாம் மாடி வீடு. அத்தானை லிஃப்டில் நிற்க வைத்துவிட்டு, மறந்துபோன மருந்துச் சீட்டு ஃபைலை எடுக்க அக்கா வீட்டுக்குள் ஓடியிருக்கிறாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. வாட்ச்மேன் கம்பெனி நம்பருக்கு அடித்தார். அக்கா தம்பிக்கு அடித்தாள்.

சாரி சார் உடனே ஆள் அனுப்பும் அறைக்குப் போன் போட்டார். "அனுப்புறோம் சார்" என்றார்கள். அவர் அக்காவிடம் சொன்னது வேறு.

"ஆள் கிளம்பியாச்சுக்கா. பத்தே நிமிஷம்."

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடட்டுமாடா? கீழ்வீட்டுத் தம்பி நம்பர் வச்சிருக்காரு."

"ஐயையோ, வேணாம். அவங்க வந்தா கதவை ஒடச்சிடுவாங்க. உள்ள இருக்கிறவருக்குத்தான் ஆபத்து. நான் சொல்றேன்ல, நிச்சயமா வந்துடுவாங்க."

இருபது நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். நிச்சயமா என்றார். அப்புறமும் கூப்பிட்டாள். நிச்சயமாக்கா, கிட்ட வந்துட்டாங்க. மூன்றாவது முறை அவள் குரலுக்குப் பின்னால் யாரோ இரும்பைத் தட்டுவது கேட்டது. அது அத்தான் உள்ளேயிருந்து இடது கையால் தட்டியது என்று பிறகு தெரிந்தது. அக்கா தம்பி சொல்லைத் தட்டாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரனே சொல்கிறானே, அதைவிட யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

தீயணைப்பு நிலையம் அந்தத் தெருவுக்கு வண்டியில் ஆறு நிமிட தூரம். இதைச் சாரி சார் பிறகு ஒருநாள் நடந்துபோய்த் தெரிந்துகொண்டு வந்தார். நடந்தே பதினெட்டு நிமிஷம்தான் ஆனது.

கடிதத்தோடு சேர்க்க அந்த வியாழக்கிழமையின் வேலைச் சீட்டும் ஆள் அனுப்பும் அறையிலிருந்து வந்து சேர்ந்தது. அன்று மதியம் அந்தப் பகுதிக்கு இருந்தது ஒரே மெக்கானிக். நாலு இருபதுக்கு அவரை ஒரு ஹோட்டலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். யாரோ பெரிய விருந்தாளி வருகிறாராம், லிஃப்டுக்குள் ஒரு விளக்கு மினுக்மினுக்கென்று அடிக்கிறதாம். அதை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். சீட்டில் எல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தது. எழுதுவதில் கம்பெனி எப்போதும் ஒழுங்கு. சாரி சார் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

பெரிய மேடத்திடம் போய், இது என் சொந்த அக்கா, வேறு யாராவது எழுதட்டும் என்று கேட்டார். பெரிய மேடம் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று, அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்.

"நீங்களே எழுதுங்க சார். வேற யாரு எழுதினாலும் கட்டை மாதிரி இருக்கும். உங்க அக்காவுக்கு உங்க கை பட்டா ஆறுதலா இருக்கும்."

அவரும் அப்படித்தான் நினைத்தார். தான் எழுதினால் ஏதாவது ஒரு வழி செய்துவிடலாம் என்று. அன்று மதியம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எழுதினார். வீ ஆர் சாரி தட் வீ டிட் நாட் கம் இன் டைம். ஒரே வரி. அக்கா கேட்டது அதுதானே? மேலே போன கடிதம் அரை மணியில் திரும்பி வந்தது. இரண்டாவது 'வீ'யைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். எழுதியவர் தவறுதலாக எழுதிவிட்டார் என்று நினைத்து வக்கீல் பெருந்தன்மையாக வேறு எதுவும் எழுதவில்லை.

மறுநாள் சாரியை விட்டுவிட்டு அவேரைப் பிடித்தார். ஆள் தாமதமாக வந்ததை நாங்கள் அறிவோம் என்று. தாமதமாக என்ற சொல்லுக்கு வட்டம். அதற்கடுத்த நாள், இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை என்று சுற்றி வளைத்து எழுதினார். அந்த வரி முழுவதற்கும் வட்டம் போட்டு, பக்கத்தில் 'நேரில் வரவும்' என்று எழுதியிருந்தது. சந்தோஷ மேடம் அதைப் பார்த்துவிட்டுத் தன் மேசையிலிருந்து ஒரு காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

வக்கீல் அவரைவிட இருபது வயது சின்னவர். மரியாதை தெரிந்தவர்.

"சார், நீங்க வருத்தப்படுறதுக்கு நான் குறுக்கே நிக்கல. தாராளமாப் படுங்க. எதுக்குன்னு சொல்றதுலதான் தகராறு."

"அவங்க நஷ்டஈடு கேக்கல தம்பி. ஒரு வரிதான் கேக்குறாங்க. வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டணுமாம்."

"இன்னிக்குக் கேக்கல. நாளைக்கு அவங்க புள்ளைங்க கேப்பாங்க."

"புள்ளைங்க கிடையாது. என்னையத்தான் வளத்தாங்க."

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்குப் புரியுது சார். நெஜமாவே புரியுது. ஆனா இந்த வரிக்கு நான் டிக் போட்டா, அடுத்த வாரம் இந்த நாற்காலில வேற ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அவரும் வட்டம்தான் போடுவாரு."

யார் சட்டையைப் பிடிப்பது? எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டாவது வந்திருக்கலாம். சாரி சார் படியிறங்கி வந்து, வழக்கமான கடிதத்தை வழக்கம்போலத் தட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வீ ஆர் சாரி தட் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட் எ டிலே. கீழே வழக்கம்போல இரண்டெழுத்துச் சுருக்கொப்பம். வெள்ளிக்கிழமைத் தபாலில் அது போயிற்று. சந்தோஷ மேடம்தான் உறை ஒட்டினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் மறு ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போனார். நடுவில் ஒரு ஞாயிறு காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பராமரிப்பு தேதி போட்ட புது ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தார்கள். அவர் படியேறித்தான் போனார். மூன்றாம் மாடித் திருப்பத்தில், அக்கா அன்று உட்கார்ந்திருந்த படியை மிதிக்காமல் தாண்டினார்.

அத்தான் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மைத்துனரைக் கண்டால் மூச்சு விடாமல் கிண்டல் செய்கிற மனிதர் அவர். அந்த வீட்டில் அவர் வாய்க்குப் பயந்து விருந்தாளிகள் வராமல் இருந்த காலம் உண்டு. இப்போது வாயின் ஒரு பக்கம் லேசாக அசைந்தது. மடியில் ஒரு நோட்டு. இடது கையால் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். முதல் பக்கத்தில் 'அ' மட்டும் நாலைந்து, கோணல் கோணலாக. மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை.

அக்கா உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். "உங்க கம்பெனிலேருந்து வந்திருக்குடா. இங்கிலீசு. அவருக்குக் கேக்கிற மாதிரி சத்தமா வாசி."

சாரி சார் தாளைப் பிரித்தார். தன் சுருக்கொப்பம் முதலில் கண்ணில் பட்டது. அத்தான் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தார். இடது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. சாரி சார் தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததை வாசித்தார்.

"நாங்கள் உரிய நேரத்தில் வரவில்லை. அது எங்கள் தவறு. உங்களை எழுபத்தைந்து நிமிடம் உள்ளே விட்டுவைத்ததற்காக மனமார வருந்துகிறோம்."

சொல்லி முடித்துத் தாளை மடித்தார். இவ்வளவு சுலபமா இது? அத்தானின் கை போர்வையை விட்டது. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு, "கேட்டுக்கிட்டீங்களா? எழுதிட்டாங்க" என்றாள். நோட்டைத் தலையணை பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பியைப் பார்த்து, "உள்ள வா, டீ போடுறேன்" என்றாள்.

சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்தாள். பாலை ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் பேசினாள், குரலைத் தணித்து.

"மூணாவது மாடி டீச்சரம்மா போன வாரமே வாசிச்சுச் சொல்லிட்டாங்கடா."

சாரி சார் கையில் அந்தக் கடிதம் இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவருக்கு நீ வாசிச்சதே இருக்கட்டும். அது போதும் அவருக்கு. நல்லாத்தான் வாசிச்ச."

"அக்கா, நான் மூணு தடவை எழுதிப் பாத்தேன்க்கா. விடமாட்டேங்குறாங்க. மேல ஒரு வக்கீல்..."

"கம்பெனிய விடுறா. கம்பெனி என்ன, கம்பியும் மோட்டாரும். அது என்னத்தக் கண்டுச்சு?" பால் பொங்கி வந்தது. தீயைக் குறைத்தாள். "நான் அன்னிக்குக் கம்பெனிக்கா போன் பண்ணேன்? வாட்ச்மேன் பண்ணாரு கம்பெனிக்கு. நான் உனக்குத்தானடா பண்ணேன்."

வெளியே அறையில் அத்தான் ஒருமுறை இருமினார். இருவரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். பிறகு சத்தம் இல்லை.

"நீ ஒரு வரி எழுதிக் குடு. எனக்கு. யாருக்கும் காட்டமாட்டேன். தமிழ்லயே எழுது, டீச்சரம்மா கிட்ட போற வேலை மிச்சம்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "தினமும் ராத்திரி படுத்தா, நான்தான் அந்த ஆளுங்களக் கூப்பிடாம விட்டுட்டேன்னு தோணுதுடா. நீ சொன்னதாலதான் விட்டேன்னு நானே எனக்குச் சொல்லிப் பாக்குறேன். என் வாயால சொன்னா எனக்கே நம்பிக்கை வரமாட்டேங்குது. உன் கையால இருந்தா நம்புவேன்."

சாரி சாருக்குக் கண் மறைத்தது. எழுத வேண்டியது என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கிளம்பாத ஆளைக் கிளம்பியாச்சு என்று நான் சொன்னேன். தீயணைப்பு வேண்டாம் என்று நான் சொன்னேன். உன் மேல் தப்பே இல்லை அக்கா, எல்லாம் நான். இரண்டு மாதமாக நெஞ்சில் புழுங்கிக்கொண்டு கிடந்தது அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த உறையையே கிழித்து விரித்து, மேடைமேல் வைத்து, குனிந்து, ஒரே மூச்சில் எழுதினார். எழுதும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மனசு லேசானது போல இருந்தது. இனி வேலை போனாலும் போகட்டும், வக்கீல் என்ன வேண்டுமானாலும் வட்டம் போடட்டும் என்று நினைத்தார். தாளை அக்கா கையில் கொடுத்தார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தாள்.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறேன்."

கீழே தேதி. அதற்குக் கீழே இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்.

சாரி சார் எட்டிப் பார்த்தார். தன் கையெழுத்துதான். அவள் வாசித்தது ஒன்று விடாமல் அதில் இருந்தது. அவர் எழுதியதாக நினைத்தது எதுவும் இல்லை. கை தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

"அக்கா... இது இல்லக்கா. நான் எழுத நெனச்சது வேற."

அக்கா தாளை நாலாக மடித்தாள். அலமாரி மேலிருந்து அத்தானின் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள், அன்று அவள் ஓடிப்போய் எடுத்து வந்த அதே ஃபைல். அதற்குள் சொருகினாள். அடுப்பை அணைத்தாள்.

"இன்னொரு தாள் குடுக்கா. ஒரே ஒரு தாள். இப்ப எழுதிடுறேன்."

அவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. சமையலறை வாசல் வழியாகக் கட்டிலும் தலையணையும் தெரிந்தன. நோட்டு அங்கேயே திறந்து கிடந்தது, மின்விசிறிக் காற்றில் வெள்ளைப் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. இருவருக்கும் அது தெரிந்தது.

"தாள் இல்லடா" என்றாள் அக்கா. "டீயக் குடி, ஆறிடப் போகுது."